தண்ணீர் குடிக்காத துண்டு

காரைக் கழுவுவதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், துடைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். இதைச் சொட்டு அண்ணன் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள், "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அடுத்த வாரமும் காரை அவர் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருந்தது. அவருடைய மனைவிக்கே அது கொஞ்சம் யோசித்தால்தான் வரும். கார் துடைத்து முடிந்து சாவி கைமாறப் போகிற நேரத்தில் அவர் பத்தடி தள்ளிப் போய் நிற்பார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். "ஒரு சொட்டு இருக்கு" என்பார். காரின் சொந்தக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், ஒன்றும் தெரியாது. இவர் நேராகப் போய்ப் பின்விளக்கின் இடுக்கிலோ, கதவுக் கைப்பிடிக்கு அடியிலோ, பெட்ரோல் மூடியின் ஓரத்திலோ துண்டின் முனையை வைத்து ஒற்றி எடுத்துக் காட்டுவார். ஒரே ஒரு சொட்டு இருக்கும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

கடை அவரும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு வாளி, ஒரு ரப்பர் குழாய், ஒரு பழைய தோல்துணி, அவ்வளவுதான் மூலதனம். வாய் தம்பிக்கு, கை அண்ணனுக்கு என்று முதல் நாளே வேலை பிரிந்துவிட்டது. தம்பி முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களை மயக்குவான். அண்ணன் பின்னால் கொட்டகையில் நனைந்துகொண்டிருப்பார். கொட்டகைக்கு மேலே மாடியில் தம்பியின் குடும்பம். அண்ணன் நான்கு தெரு தள்ளி வாடகை வீட்டில். அவருக்கு இதில் எந்த மனக்குறையும் இல்லை. தம்பியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த தம்பி, விடுவாரா?

துடைப்பது என்றால் துணியை எடுத்துப் பரபரவென்று தேய்ப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் ஓரமாக நிற்கவும். காரில் தண்ணீர் காய்ந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், அதிலிருக்கும் உப்பு போகாது. அது வட்ட வட்டமாக வெள்ளைத் தடமாக உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறினால் பெயின்டையே தின்ன ஆரம்பித்துவிடும், பிறகு அழுது புரண்டாலும் வராது. அதனால் சொட்டு அண்ணன் முதலில் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, வடிகட்டிய தண்ணீரைக் கூரையிலிருந்து அழுத்தமில்லாமல் வழியவிடுவார். ஓடுகிற தண்ணீர் ஒட்டியிருக்கிற தண்ணீரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். அடுத்து ப்ளோயர். கைப்பிடி, நம்பர் பிளேட், முன்பக்கக் கம்பி வலை, பக்கவாட்டுக் கண்ணாடி என்று தண்ணீர் ஒளிந்துகொள்கிற இடங்களிலெல்லாம் காற்றை விட்டு விரட்டுவார். இதில் பக்கவாட்டுக் கண்ணாடிதான் பெரிய திருடன். எல்லாம் முடிகிறவரை கமுக்கமாக இருந்துவிட்டு, கார் வாசலைத் தாண்டும்போது கதவின் மேல் அழும்.

அதற்கப்புறம்தான் துண்டு. உடம்புக்கு நீலம், கண்ணாடிக்குச் சாம்பல், கதவடிக்கும் சக்கரத்துக்கும் சிவப்பு. பெரிய நீலத் துண்டைப் போர்வை மாதிரி பானெட்டின் மேல் விரித்து, இரண்டு முனையைப் பிடித்து, தன் பக்கம் மெதுவாக இழுப்பார். தேய்க்கவே மாட்டார். துண்டு குடித்துக்கொண்டே வரும். தம்பி ஒருமுறை ஆசைப்பட்டு ரப்பர் வாரி ஒன்று வாங்கி வந்தான், கண்ணாடி துடைக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. "இதுக்கு அடியில ஒரு மண்ணு மாட்டுச்சுன்னா காருக்கு இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும் கோடு விழும்டா" என்று சொல்லி அதை ஆணியில் மாட்டியவர்தான், இன்றுவரை அது ஆணியில் தொங்குகிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. நீலத் துண்டு கை தவறித் தரையில் விழுந்தால், அது நீலத் துண்டே இல்லை. ஒரு பொடி மண் ஒட்டியிருந்தாலும் பெயின்டைக் கீறிவிடும். விழுந்த துண்டை அவர் உதறிக்கூடப் பார்க்க மாட்டார், நேராகச் சக்கரத்துக்கு அனுப்பிவிடுவார். "பதவி போச்சு" என்பார். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

துண்டுகளை வருடக்கணக்காக அவரேதான் துவைத்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாமல் போனபோது, தம்பி மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து கூடையோடு வாங்கிக்கொண்டாள். "மெஷின் சும்மாதானே மாமா இருக்கு, குடுங்க" என்றாள். நல்ல பெண். வெள்ளை மனசு. இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சோப்புத்தூள் மட்டும் போடும்மா. வேற எதுவும் சேக்காத."

"சரிங்க மாமா" என்றாள். அப்படியே செய்தும் வந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஷோரூம் மேனேஜர் வந்தார். புதுக் கார் விற்கிற பெரிய ஷோரூம். வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் கார்களைக் கழுவித் துடைத்துத் தர ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து கார் அனுப்புகிறோம், பார்ப்போம், பிடித்திருந்தால் எல்லா காரும் உங்களிடமே என்றார். ஐந்தும் கறுப்பு. கறுப்புக் கார் என்றால் துடைக்கிறவனுக்குப் பரீட்சை என்று அர்த்தம். வெள்ளையில் மறைவதெல்லாம் கறுப்பில் பல்லைக் காட்டும்.

தம்பிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அண்ணனுக்கோ குஷி. "வரட்டும்டா, அஞ்சு என்ன, அம்பது வரட்டும்" என்றார்.

கார்கள் காலையில் வந்தன. எல்லாம் எப்போதும் போலத்தான் நடந்தது. ஒன்று மட்டும் அவருக்கு வித்தியாசமாகப் பட்டது. அன்றைக்கு நீலத் துண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. இழுத்த வேகத்தில் முழங்கைவரை வந்து நின்றது. புதுப் பெயின்ட், மேலே ஏதாவது பூசியிருப்பார்கள், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டார். வழக்கமாக முதல் காரை வெயிலில் இறக்கிச் சாய்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அன்று ஷோரூம் டிரைவர்கள் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்கள். கொட்டகை நிழலிலேயே பார்த்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஒரு சொட்டுகூடக் கண்ணில் படவில்லை.

மதியம் போன் வந்தது. அண்ணனும் தம்பியும் ஓடினார்கள். ஷோரூம் வாசலில் உச்சி வெயிலில் ஐந்து கார்களும் வரிசையாக நின்றன. கூரை, பானெட், கதவு என்று ஒரு இடம் பாக்கியில்லை. சுண்ணாம்புத் தண்ணீரைத் துடைப்பத்தால் தெளித்துவிட்ட மாதிரி இழுப்பு இழுப்பாக வெள்ளைத் தடம்.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"இதைத் துடைச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

சொட்டு அண்ணன் திரும்பித் தம்பியைப் பார்த்தார். தம்பி கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனபோது அலமாரியில் புத்தம்புது நீலத் துண்டுகள் அடுக்கியிருந்தன. பழையவை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன.

"பழசாயிடுச்சுண்ணே. தூக்கிப் போட்டுடு" என்றான் தம்பி. அப்புறம் மேசையின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே, "அண்ணே, தப்பா எடுத்துக்காத. கொஞ்ச நாளாவே பாக்கறேன். உனக்குப் பார்வை கொஞ்சம்..." என்று இழுத்தான்.

"பார்வையா? எனக்கா?"

"வயசாகுதில்லண்ணே. எல்லாருக்கும் வர்றதுதான். இதுல என்ன இருக்கு. கொஞ்ச நாளைக்கு நீ சக்கரம், கதவடி மட்டும் பாத்துக்க. மேல என் மச்சினன் பாக்கட்டும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் சும்மா விட்டிருக்க மாட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டிருப்பார். சொன்னது தம்பி. எவ்வளவு நாளாக மனதில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் தவித்தானோ என்றுதான் அவருக்குத் தோன்றியது. புதுத் துண்டு வேறு வாங்கி வைத்திருக்கிறான், பாவம். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பதவி போச்சு என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பழைய துண்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. அவர் கையால் துண்டைத் தூக்கிப் போட முடியுமா? சாக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஒரு வாரத்தில் ஷோரூம் கார்கள் திரும்ப வர ஆரம்பித்தன. தம்பி எப்படியோ பேசிச் சரிக்கட்டிவிட்டான். கெட்டிக்காரன் என்று அண்ணன் பெருமைப்பட்டார். தன்னால் கெட்டது தம்பியால் நிமிர்ந்ததே என்று இருந்தது.

மனைவி விடாப்பிடியாகக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார், சுவரில் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். இவர் கடைசி வரிவரை படித்தார்.

"உங்க வயசுக்கு இப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்ல. போய்ட்டு வாங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்து மனைவி, "கேட்டீங்கல்ல?" என்றாள்.

"எழுத்துப் படிக்கிறதுக்கு இவரு சொல்றாரு. சொட்டு பாக்கறதுக்கு இவருக்கு என்னடி தெரியும்?"

"அஞ்சாறு வருஷம் படிச்சவருக்குத் தெரியாததா உங்க தம்பிக்குத் தெரியும்?"

"அவன் பொய் சொல்லுவானா? அவனுக்கு என்ன தலையெழுத்து?"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த மனிதரோடு அதற்குமேல் பேச முடியாது. படித்த டாக்டர் நன்றாயிருக்கிறது என்கிறார், இவர் இல்லை என்று அடம் பிடிக்கிறார். நம்மில் எத்தனை பேர் இப்படி! யார் சொன்னது என்று பார்த்துத்தானே நம்புகிறோம், என்ன சொன்னார்கள் என்று எங்கே பார்க்கிறோம்?

நம்ப ஆரம்பித்தவுடன் கண்ணும் மங்க ஆரம்பித்தது. வீட்டு வாசலில் ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். ஸ்கூட்டரை மருமகனிடம் கொடுத்துவிட்டார். ரோடு தாண்ட மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி மனைவி கண்ணுக்கு நல்லது என்று தினமும் கேரட் ஜூஸ் பிழிந்து பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். நின்று, அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை, பாவம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை வேறு. மகளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பேத்தி. மகள் ஆசை ஆசையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இந்தாங்க" என்று நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. நான் எங்கயாவது தடுக்கி விழுந்துட்டா? உங்கம்மாகிட்ட குடு."

"உக்காந்துகிட்டு வெச்சுக்கங்கப்பா."

"வேணாம்னா விடும்மா."

மகளின் முகம் வாடிப்போனது. அடுத்த தடவை அவள் நீட்டவே இல்லை. மூன்று மாதம் அந்தக் குழந்தை அந்த வீட்டில் எல்லார் கையிலும் இருந்தது, தாத்தாவின் கையைத் தவிர.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு லீவு. மதியச் சாப்பாடு முடிந்து மனைவி எழுந்தபோது, முழங்கை பட்டுத் தண்ணீர்க் குடம் சாய்ந்தது. கூடம் முழுக்கத் தண்ணீர். அவள் கைக்குக் கிடைத்ததை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்து, சாக்கை அவிழ்த்து ஒரு நீலத் துண்டை உருவித் தரையில் போட்டாள்.

"என்ன எழவு துண்டுங்க இது! தண்ணியக் குடிக்க மாட்டேங்குது. நான் இந்தப் பக்கம் தள்ளுனா அது அந்தப் பக்கம் ஓடுது. இதை வெச்சுக்கிட்டா இருபது வருஷம் பீத்திக்கிட்டீங்க?"

"குடிக்கலையா?"

"நீங்களே வந்து பாருங்க. உங்க தொழில் ரகசியத்தை."

கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். சாக்கிலிருந்து இன்னொன்றை எடுத்து முழங்காலின் மேல் விரித்தார். கைக்கு மெத்தென்று இருந்தது. இவ்வளவு மெத்தென்று அவர் துண்டு ஒரு நாளும் இருந்ததில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு சொட்டு விட்டார். சொட்டு துண்டின் மேல் முத்து மாதிரி உருண்டு நின்றது. காத்திருந்தார். அது இறங்கவே இல்லை. துண்டைச் சாய்த்தார், சொட்டு உருண்டு தரையில் விழுந்தது. துண்டில் ஈரமே இல்லை.

முகத்தோடு அழுத்தி மோந்து பார்த்தார். மூன்று மாதம் சாக்குக்குள் கிடந்தும் லேசாகப் பூ வாசனை வந்தது.

தம்பி வீட்டு மெஷினுக்கு மேலே நின்ற ரோஸ் கலர் பாட்டில் அவர் கண்முன் வந்தது. துணி மெத்தென்று ஆவதற்கும் வாசனைக்கும் கடைசி அலசலில் ஊற்றுகிற லிக்விட். சேலைக்கும் சட்டைக்கும் அது நல்லதுதான். கார் துண்டுக்கு விஷம். நூலுக்கு நூல் எண்ணெய் பூசினதுபோல் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் துண்டு தண்ணீரைக் குடிக்காது, காரின் மேல் மெல்லிசாக மெழுகிவிட்டுப் போகும். நிழலில் பளபளவென்று இருக்கும். வெயிலில் காய்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். அன்றைக்குத் துண்டு வழுக்கினதே, கையே சொன்னதே! கையை நம்பாமல் போனேனே!

அப்படியென்றால் கண்ணில் கோளாறு இல்லை.

சொட்டு அண்ணன் சிரித்தார். தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். மனைவி பயந்துபோய், "என்னாச்சுங்க?" என்றாள்.

"என் கண்ணு நல்லா இருக்குடி!"

"அதைத்தானே அந்த டாக்டரும் தலையால அடிச்சுகிட்டு சொன்னாரு!"

அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "இருங்க, கையப் புடிச்சுக்கறேன்" என்று மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். "கையும் வேணாம், காலும் வேணாம் போடி" என்றார். மூன்று மாதம் கழித்துத் தனியாக ரோடு தாண்டினார். எதிர்ச்சாரியில் போகிற பஸ்ஸின் நம்பரைச் சத்தமாகப் படித்தார். நான்கு தெருவும் நடந்ததே தெரியவில்லை. தம்பி எவ்வளவு சந்தோஷப்படுவான் என்பதே நினைப்பாக இருந்தது. கூடவே இன்னொன்றும் சொல்லிவைக்க வேண்டும். பாவம், அந்தப் பெண் தெரியாமல் செய்தது, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசிவிடாதே என்று தம்பியிடம் முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பி மேசையில் தனியாக இருந்தான். அண்ணன் மூச்சு வாங்க வந்து நின்று, துண்டை மேசையின் மேல் விரித்தார். தம்பி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் கிளாஸில் விரலை விட்டு ஒரு சொட்டு வைத்தார்.

"பாத்தியா? பாத்தியாடா? குடிக்க மாட்டேங்குது பாரு! அன்னைக்கு அந்த அஞ்சு காரு... என் கண்ணு இல்லடா. துண்டு! அந்த வாசனை லிக்விட் கலந்துபோச்சு. உன் பொண்டாட்டிய ஒண்ணும் சொல்லிடாத, அது தெரியாம..."

தம்பி துண்டைப் பார்த்தான். மேலே நின்ற சொட்டைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்ணே" என்றான்.

அண்ணன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வார்த்தை உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன தெரியும்?"

"லிக்விட். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். நான் மேல போனதும் அவளாவே கேட்டா. புதுக் காராச்சே, வாசனையா இருக்கட்டும்னு ரெண்டு மூடி ஊத்துனேன், நல்லா இருந்துச்சான்னு. அவகிட்ட என்னத்த சொல்ல? நல்லா இருந்துச்சுன்னேன்."

"அப்ப... மறுநாள் காலையில எங்கிட்ட..."

"மெதுவா பேசுண்ணே." தம்பி மாடிப்படியைப் பார்த்தான். "அந்த மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்றது? எங்க கடையில துண்டு துவைக்கத் தெரியாம துவைச்சுட்டாங்கன்னா? இனிமே நம்பி அனுப்புவாரா? வயசான மனுசன், பார்வை போயிடுச்சு, ஆளை மாத்திட்டேன்னு சொன்னேன். சரின்னு ஒத்துக்கிட்டாரு. அவரு வந்து பாக்கறப்ப நீ துடைச்சுகிட்டு நின்னா நல்லாருக்குமா?"

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. நான் நடிச்சிருப்பேனே."

"உனக்கு நடிக்க வராதுண்ணே. ஊருக்கே சொல்லிடுவ. அவ காதுக்குப் போனா ஒடஞ்சு போயிடுவா, நான் வீட்ல நிம்மதியா இருக்க முடியாது." தம்பி குரலைத் தணித்தான். "நீ அண்ணன். தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

சொட்டு அண்ணன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால் சட்டையைப் பிடித்து நான்கு அறை விடலாம். இவன் பொண்டாட்டி முகம் வாடாமல் இருக்க அண்ணன் கண்ணைப் பிடுங்கி வைத்துவிட்டு, மூன்று மாதமாகக் 'கண்ணு எப்படிண்ணே இருக்கு' என்று தினமும் விசாரித்தவன்.

"டாக்டரு நல்லா இருக்குன்னுதான்டா சொன்னாரு" என்றார். "நான் அவரை நம்பல. உன்ன நம்புனேன். என் பேத்தியக் கையால தொடலடா நான். மூணு மாசம். கீழ போட்டுடுவேன்னு பயந்துகிட்டு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "இப்பதான் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே, விடுண்ணே" என்றான்.

விடுண்ணே என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ!

அதற்குள் மாடிப்படியில் சத்தம் கேட்டது. லீவு நாளாச்சே என்று அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, தம்பி மனைவி கையில் ஜூஸ் பாட்டிலோடு இறங்கி வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"மாமா! தனியாவா வந்தீங்க? இந்த டிராஃபிக்ல? அக்கா எப்படி விட்டாங்க?" என்று பாட்டிலை அவர் கையில் திணித்தாள். மேசையின் மேல் கிடந்த துண்டு அவள் கண்ணில் பட்டது. "இது நம்ம பழைய துண்டாச்சே. அழுக்கா இருக்கே மாமா. குடுங்க, நல்லா வாசனையா துவைச்சுத் தரேன்."

தம்பியின் முகம் வெளுத்தது. அவன் அண்ணனைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அப்பா கேட்கும் முன் இப்படித்தான் பார்ப்பான். அப்போதெல்லாம் 'நான்தாம்பா உடைச்சேன்' என்று சொன்னவர் இதே அண்ணன்தான்.

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் கேரட் பிழிந்த கை துண்டுக்காக நீட்டியபடி இருந்தது.

"வேணாம்மா" என்றார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இது இனிமே எதுக்கும் ஆகாது."

அவர் ஜூஸைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "பாத்து மாமா, படி இருக்கு" என்று அவள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவர் ஏறி இறங்கிய படி. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

வாசலில் ஷோரூமின் கறுப்புக் கார் ஒன்று துடைத்து முடித்து நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தம்பியின் மச்சினன் ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். காரை எடுத்துப் போக வந்த மேனேஜர் சாவியைச் சுழற்றியபடி நின்றார். சொட்டு அண்ணனை அடையாளம் கண்டுகொண்டு, பாவம் என்ற முகத்தோடு கொஞ்சம் சத்தமாக, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கேட்டார்.

"என்ன பெரியவரே, எப்படி இருக்கீங்க? வண்டி நல்லா துடைச்சிருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க."

விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் சொட்டு அண்ணனின் கழுத்து தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பத்தடி தூரம். இடது பக்கவாட்டுக் கண்ணாடியின் கீழ்முனையில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, கதவின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். கால் மணி நேரத்தில் காய்ந்து கறுப்பின் மேல் வெள்ளைக் கோடாக நின்றுவிடும். தோளில் கிடந்த துண்டுக்குக் கை போனது. தண்ணீர் குடிக்காத துண்டு. கை திரும்பி வந்துவிட்டது.

மேசையிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனின் கழுத்து சாய்ந்ததை அவன் பார்த்துவிட்டான். அது எதற்கு என்று இந்த உலகத்தில் அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார் சொட்டு அண்ணன். "அதோ உக்காந்திருக்கான் பாருங்க, என் தம்பி. அவன்கிட்ட கேளுங்க. அவனுக்கு எல்லாம் தெரியும்."

சொல்லிவிட்டு முழங்கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். தம்பி மேசையை விட்டு எழுந்து வரவில்லை.